மேல் ஆள்

வலது தோள்பட்டை காலையிலிருந்தே சொன்ன பேச்சு கேட்கவில்லை. கையை முன்னால் நீட்டினால் பொறுத்துக்கொண்டது. பக்கவாட்டில் தூக்கினால் மட்டும் உள்ளே எதுவோ பிசகி, வலி கழுத்து நரம்பைப் பிடித்து ஏறிக் காதுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. வளவன் கேமரா பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்தான். முன்னால் அவன் சிநேகிதன் நவீன், ட்ரைபாடைத் தோளில் சாய்த்துக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில் காலடி பார்த்துப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான்.

சித்திரை மாதத்து அமாவாசை. இது பௌர்ணமியில் பிழைக்கிற ஊர். நிலா முழுசாக வந்தால் கிரிவலம் வரும் கூட்டத்தில் அடி அண்ணாமலை ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. சுக்குக் காபியும் இளநீரும் விடிய விடிய ஓடும். இன்றைக்கு அந்த ரோட்டில் இரண்டு நாய்கள் மட்டும் படுத்துக் கிடந்தன. காரை ரோட்டோரம் விட்டுவிட்டு ஒரு கரும்புத் தோட்டத்தையும் வேர்க்கடலை பிடுங்கிக் காய்ந்த மல்லாட்டைக் கொல்லையையும் தாண்டி வந்திருந்தார்கள். பகல் முழுக்க வெந்த மண் இன்னும் சூட்டை விட்டுக்கொண்டிருந்தது; செருப்புக்கு அடியில் மண்கட்டிகள் நொறுங்கும் சத்தமும் கரும்புத் தோகை ஒன்றோடொன்று உரசும் சத்தமும் தவிர எதுவும் இல்லை. எதிரே மலை, இருட்டைவிடக் கருப்பாக. அதன் முதுகுப் பக்கம் இருந்த டவுனின் வெளிச்சம் விளிம்பில் மட்டும் மஞ்சளாகக் கசிந்தது.

கிணற்றை நெருங்கியதும் அந்த வாசனை வந்தது.

வளவன் நின்றான். மூக்கை உயர்த்தி இழுத்துப் பார்த்தான். பாறையில் துளை போட்டு, தோட்டா வைத்து வெடித்த பிறகு கிணற்றுக்குள்ளிருந்து மெதுவாக எழும்பி வரும் புகையின் வாசனை. கசப்பும் ஒரு மாதிரி இனிப்பும் கலந்து, இரண்டு மூச்சு இழுத்தாலே நெற்றிப்பொட்டை இறுக்கிப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தை விட்ட வயதிலிருந்து ஒன்பது வருசம் அப்பா அப்பாசாமியோடு கிணறு வெட்டப் போனவனுக்கு அதைத் தப்பாகச் சொல்ல முடியாது.

"நவீன், ஏதாவது வாசனை வருதா?"

"எனக்குப் பசி வாசனைதான் வருது. ஆறு மணிக்குச் சாப்பிட்ட வயிறுடா இது. உன்னை மாதிரி பத்து மணிக்குப் பரோட்டா தின்னுட்டு வர்ல."

நவீன் வீடு ஜைன வீடு. பொழுது சாய்ந்தால் அடுப்பு அணைந்துவிடும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தான். கூப்பிட்டால் கார் எடுத்துக்கொண்டு வருவான், வழியெல்லாம் திட்டுவான்.

வளவன் செல்போன் விளக்கைக் கிணற்றின் பக்கம் திருப்பினான். பழைய கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது. பக்கத்தில் மோட்டார் ரூம். கதவு இல்லை, உள்ளே மோட்டாரும் இல்லை, சுவரில் ஒயரைப் பிடுங்கிய தழும்பு மட்டும். கிணற்று விளிம்பில் எந்தக் காலத்திலோ மாடு கட்டி நீர் இறைப்பதற்கு நட்ட இரண்டு கல்தூண்கள், ஆள் உயரத்துக்கு மேல். இங்கே யாரும் வெடி வைத்துப் பத்து இருபது வருசம் ஆகியிருக்கும். பக்கத்துக் கொல்லையில் ஏதாவது வேலை நடந்திருக்கும், காற்றில் வருகிறது என்று சொல்லிக்கொண்டான்.

அந்தத் தூண்களுக்காகத்தான் இந்த இடம். போன வாரம் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். இந்தப் பக்கம் மேட்டில் கேமராவை வைத்தால், இரண்டு தூண்களுக்கு நடுவில் மலை. நடு ராத்திரி தாண்டினால் மலைக்கு மேல் பால்வெளி எழும்பும். தூண்களுக்கு நடுவே ஒரு ஆள் நிற்க வேண்டும்.

வேங்கிக்காலில் புதிதாகத் தங்கும் விடுதி கட்டியிருக்கும் பரசுராமன் அதைத்தான் கேட்டிருந்தார். வெளியூர் ஆட்களுக்கு ராத்திரி வானத்தைப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்க ஒருத்தன் வேண்டும். "மலை இருக்கணும், பால்வெளி இருக்கணும், கீழ ஒரு ஆள் கல்லு மாதிரி நிக்கணும். ஆள் இல்லாத படம் நெட்டுல குப்பையா கிடக்குது. நாளைக்குக் காலையில கொண்டா, வேலை உனுக்கு. இல்லன்னா பாண்டிச்சேரியிலருந்து ஒருத்தன் வரேன்னு நிக்கிறான்."

கல்யாண வேலை போய்விட்டது. முகூர்த்த நேரத்தில் வீடியோ கேமராவைத் தூக்கிப் பிடிக்க முடியாமல் மணமேடையிலேயே கை தளர்ந்து போட்டுவிட்டான். ஸ்டுடியோக்காரர்கள் வேறு பையனைப் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் சொன்னது, இன்னொரு முறை பாரம் தூக்கினால் அந்தக் கை சட்டை போடக்கூட ஆகாது என்று. அப்பா போன் பண்ணி, தன் கிணற்று வேலைக்கு மேல் ஆள் இல்லை, வந்துவிடு என்றார். விளிம்பில் நின்று கயிற்றைப் பிடிப்பதுதானே, குனிய வேண்டாம், வெட்ட வேண்டாம் என்றார். அந்தக் கயிறுதான் இந்தத் தோளைத் தின்றது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். வேறு வேலை அவருக்குத் தெரியாது.

ட்ரைபாடின் கால்களை மண்ணில் அழுத்தி ஊன்றினான். கேமராவை மாட்டினான். அது மிரர்லெஸ். கண்ணாடி அடிக்கும் சத்தம் இல்லாதது, கைக்கு இலேசு. தோள் கெட்ட பிறகு பழையதைக் கொடுத்து வாங்கியது. நெற்றியில் சிவப்பு விளக்கைக் கட்டிக்கொண்டான். ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, லென்ஸ் வளையத்தை மயிரளவு திருப்பித் திருப்பி, அது ஊசிமுனை ஆகும்வரை ஃபோகஸ் பிடித்தான். இருபது வினாடி. அதற்கு மேல் ஷட்டரைத் திறந்து வைத்தால் நட்சத்திரங்கள் நகர்ந்து கோடாகிவிடும். அதன் பிறகு கேமரா கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு இருபது வினாடி வெறும் இருட்டைப் படம் எடுக்கும். சூட்டில் விழும் புள்ளிகளைக் கழிப்பதற்கு. அதுவரை திரை கருப்பாகவே இருக்கும். காத்திருக்க வேண்டும்.

"போய் நில்லு. தூணுக்கு நடுவுல. மலையைப் பாரு."

"கிணத்தைப் பாத்தா?"

"பாக்காத."

"பாக்காதன்னு சொல்லிட்டல்ல, இனிமே அதுதான் தெரியும்."

நவீன் போய் நின்றான். வளவன் பொத்தானை அமுக்கினான்.

"அசையாத."

"அசையலடா."

"மூச்சை மெதுவா வுடு."

"எத்தினி நேரம்?"

"இருபது வினாடி."

"இருபது வினாடி மூச்சு வுடாம நின்னா அப்புறம் நீ படம் எடுக்கவே வேணாம். கடையில சட்டம் கீது, மாலையைப் போட்டு மாட்டிடு."

திரையில் வானம் அள்ளிக்கொண்டு வந்தது. கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரம் எல்லாம் அரிசி நொய்யைக் கொட்டியதுபோல. மலைக்கு மேல் பால்வெளி சாய்ந்து எழுந்திருந்தது. நடுவே நவீன். கால்கள் சரியாக விழுந்திருந்தன. இடுப்புக்கு மேல் கலங்கி, தலை இருந்த இடத்தில் ஒரு அழுக்கு.

திரும்ப எடுத்தார்கள். கொசு கடித்தது. நவீன் கழுத்தைச் சொறிந்தான். திரும்ப. கால் மரத்தது. திரும்ப. எத்தனை முறை எடுத்தாலும் தலை மட்டும் கரைந்தே வந்தது. குறை அவனுடையது இல்லை, வளவனுக்குத் தெரியும். உயிரோடு இருக்கும் உடம்பு இருபது வினாடி சும்மா நிற்காது. நெஞ்சு ஏறி இறங்கும், ரத்தம் இடிக்கும், தலை கொஞ்சம் கொஞ்சமாக ஆடும்.

"முதுகு போச்சுடா. நான் வண்டியில சாய்றேன். ஒரு தூக்கம் போட்டுட்டு வந்து நிக்கிறேன். கூப்புடு."

செல்போன் வெளிச்சம் வரப்பில் குதித்துக் குதித்துப் போய் கரும்புக்குப் பின்னால் மறைந்தது.

தனியாக இருப்பதில் வளவனுக்குப் பயம் கிடையாது. கிணற்றடியில், அறுபது அடி ஆழத்தில், தனியாக இருந்திருக்கிறான். ஆனாலும் அந்த வாசனை இன்னும் போகவில்லை. காற்று மலையிலிருந்து இவன் பக்கம் வீசியது. வாசனை கிணற்றிலிருந்துதான் வந்தது. அதன் அடியில் இன்னொன்றும் இருந்தது. புதிதாக உடைந்த பாறை நனைந்தால் வரும் வாடை. நாக்கில் இரும்பு ருசி. தோள் விண்விண் என்றது. சும்மா நிற்காமல், ஆள் இல்லாமலே ஒரு படம் எடுத்துவைப்போம் என்று பொத்தானை அமுக்கினான்.

இருபது வினாடி. பிறகு கருப்புத் திரை. கிணற்றோரப் புங்கமரம் காற்றில் சலசலத்தது. எங்கோ ஒரு கிணற்று உருளை 'கிர்ர்' என்று ஒரு சுற்று சுற்றி நின்றது.

திரை வெளிச்சமானது.

தூண்களுக்கு நடுவே ஒரு ஆள் நின்றான்.

முதலில் நவீன் திரும்பி வந்துவிட்டான் என்றுதான் தோன்றியது. ஆனால் இந்த ஆள் மேல் சட்டை போடவில்லை. வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டி, தலையில் துண்டு. இவனுக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்து நின்றான். புங்க இலையெல்லாம் காற்றில் கலங்கிப் பஞ்சாகியிருந்தது. அந்தத் துண்டின் தொங்கும் முனை மட்டும் கத்தரித்து ஒட்டியதுபோல் நேராக, கூர்மையாக விழுந்திருந்தது.

வளவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். திரையின் வெளிச்சத்தில் கூசிய கண்ணுக்குத் தூண்கள் இரண்டும் தெரிந்தன. நடுவே இன்னும் கொஞ்சம் கருப்பு.

கரண்டுக்கு வந்திருப்பார். மும்முனை மின்சாரம் ராத்திரியில்தான் விடுகிறார்கள். தூக்கத்தை விட்டுவிட்டு மோட்டார் போட வருகிற கொல்லைக்காரர்கள் இந்தப் பக்கம் எத்தனை பேர்.

"அண்ணே! கரண்டுக்கு வந்தீங்களா?"

வளவன் குரலை உயர்த்தினான்.

"நாங்க ஒண்ணும் பண்ணலண்ணே. நட்சத்திரத்தப் படம் புடிக்கிறோம். அவ்ளோதான்."

அந்தக் கருப்பு அசையவில்லை. கோபித்துக்கொண்டு விரட்டவும் இல்லை. வளவனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது; பயத்தில் இல்லை, ஆசையில். இருபது வினாடி அசையாமல் நிற்கிற ஆள். கேட்காமலே வந்து, சரியான இடத்தில், சரியான பக்கம் பார்த்து. விடிந்தால் பரசுராமனிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். தோள் பிழைக்கும்.

"ஒரு பத்து நிமிசம் அப்பிடியே நில்லுங்கண்ணே. மாத்து நான் நிக்கிறேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அந்த வார்த்தையை வாயில் எடுத்து ஏழெட்டு வருசம் இருக்கும்.

அது கிணற்று வேலைக்காரர்கள் வார்த்தை. கீழே ஆள் இருக்கும்வரை, விளிம்பில் கயிறு பிடித்து நிற்கும் மேல் ஆள் இடத்தை விட்டு நகரக் கூடாது. மூத்திரம் முட்டினாலும் சரி, வீட்டில் சாவு என்றாலும் சரி. இன்னொருத்தன் வந்து 'மாத்து' என்று சொல்லிக் கயிற்றை வாங்கினால்தான் போகலாம். கீழே இருப்பவன் 'மேல யாரு?' என்று குரல் கொடுத்தால் மேல் ஆள் தன் பேரைச் சொல்ல வேண்டும். தன் உயிர் யார் கையில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். மாத்து என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் நின்றாக வேண்டும். ஒருமுறை சும்மா சொல்லிச் சிரித்ததற்கு அப்பா ஆள்களுக்கு முன்னால் வைத்து அறைந்திருக்கிறார்.

பூச்சிகளின் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

வளவன் பொத்தானை அமுக்கினான்.

இருபது வினாடி. கருப்பு. திரை. அதே ஆள், அதே கூர்மை. சிரிப்பு வந்தது அவனுக்கு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். முதுகெலும்பு கணு கணுவாகத் தெரிந்தது. முழங்கைகள் இரண்டும் முன்னால் மடங்கியிருந்தன. கையில் ஏதோ பிடித்திருக்கிறார் போல.

இன்னொன்று. இந்த முறை ஆள் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியிருந்தான். கைகள் தெரிந்தன. நெஞ்சுக்கு முன்னால், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, இறுக்கிய முஷ்டி. கைகளில் ஒன்றும் இல்லை. ஆனால் உடம்பு பின்னால் சாய்ந்திருந்தது, குதிகாலை ஊன்றி, இடுப்பை உள்ளே இழுத்து. கிணற்றிலிருந்து பாரம் ஏற்றும் ஆள் சாய்கிற சாய்வு. அந்தச் சாய்வில், எதையும் பிடிக்காமல், ஒருவன் இரண்டு நொடி நிற்க முடியாது. பின்மண்டை அடிபட விழுவான்.

துண்டின் முனைகூடக் கலங்கவில்லை.

கிர்ர்.

உருளை. இந்த முறை எங்கோ இல்லை. கிணற்றுக்கு மேல். தூண்களுக்கு நடுவே சட்டமும் இல்லை, உருளையும் இல்லை. பகலில் வந்து கையால் தொட்டுப் பார்த்திருக்கிறான்.

செல்போன் அதிர்ந்தது. எடுத்தான்.

"இன்னாடா, முடிஞ்சுதா இல்லையா?" நவீன் கொட்டாவி விட்டான்.

"ஆள் ஒருத்தர் கெடச்சிட்டாரு. கொல்லைக்காரரு. கரண்டுக்கு வந்தவரு. நல்லா நிக்கிறாரு."

"எந்தக் கரண்டு? ஊர்ல கரண்டே இல்ல. அடி அண்ணாமலையே இருட்டா கீது, ரோட்டுக்கு வந்து பாரு." கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "வளவா. அந்தக் கெணத்துல மோட்டாரே இல்லியேடா."

வளவன் தூண்களையே பார்த்தான்.

"நான் வரேன். அங்கியே இரு. அவன்கிட்ட போவாத."

செல்போனைப் பையில் போடப் போய் அது மண்ணில் விழுந்தது. எடுக்கக் குனியவில்லை. குனிந்தால் தூண்களைப் பார்க்க முடியாது. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் இருட்டில் கண் நம்பும்படி இல்லை. நேராகப் பார்த்தால் கருப்பு கரைந்தது, கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் இருந்தது. கேமராவுக்கு மட்டும்தான் சரியாகத் தெரிந்தது.

விரல் தானாகப் பொத்தானை அமுக்கியது.

இருபது வினாடி. எண்ணவில்லை. மூச்சு விடும் சத்தம் கேட்டது. தன்னுடையதா என்று மூச்சை அடக்கிப் பார்த்தான். சத்தம் நிற்கவில்லை.

கருப்புத் திரை. கேமரா தன் இருட்டை எடுத்துக்கொண்டிருந்தது.

திரை.

முகம் இவன் பக்கம் திரும்பியிருந்தது. உடம்பு மலையைப் பார்த்தபடி, கைகள் அதே இறுக்கத்தில், தலை மட்டும் முழுசாகத் தோளுக்குப் பின்னால். கண் இருக்கும் இடம் இருட்டு. பல் தெரிந்தது. சிரிப்பு இல்லை அது. தாங்க முடியாத பாரத்தைத் தாங்கும்போது கடிக்கிற பல்.

எவ்வளவு நாளாகத் தாங்குகிறான்?

ஓடலாம். கேமராவை விட்டுவிட்டு ஓடலாம். படம் உள்ளே இருக்கிறது. நாளைக்குக் கொண்டுபோக வேண்டிய படம். வளவன் இடது கையால் ட்ரைபாடைப் பிடித்தான். தூக்கப் பார்த்தான். கால் மண்ணிலிருந்து வரவில்லை. வலது கையையும் கொடுத்தான். தோள் வெட்டி இழுத்தது. கண்ணில் நீர் வந்தது. கை பட்டதில் பொத்தான் அமுங்கியது. ஷட்டர் திறந்தது.

வெடிமருந்துப் புகை. முகத்தில். சூடாக.

கரும்புக்கு அந்தப் பக்கம் நவீனின் வெளிச்சம் தெரிந்தது. தூரத்தில். வந்துகொண்டிருந்தான்.

திரை கருப்பு.

வா நவீன். வா.

திரை.

தூண்கள். மலை. வானம். நடுவே யாரும் இல்லை.

வளவன் மூச்சை விட்டான். போய்விட்டார். யாரோ. போய்விட்டார்.

அப்போதுதான் கயிறு ஓடும் சத்தம் கேட்டது.

சணல் கயிறு கல்லின்மேல் ஓடும் சத்தம். வேகமாக. உருளை கதறியது. யாரும் பிடிக்காத கயிறு. பாரத்தோடு. கீழே. கிணற்றுக்குள்ளிருந்து ஒரு மனிதக் குரல் மேலே வந்தது, விழுந்துகொண்டிருப்பவனின் குரல்:

"புடி! புடிறா!"

யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நின்றிருப்பான். வேறு எவனாக இருந்தாலும் நின்றிருப்பான். ஒன்பது வருசம் பழகிய உடம்பு நிற்கவில்லை. அந்தக் குரல் கேட்டால் சோற்றுத் தட்டைப் போட்டுவிட்டு ஓடிய உடம்பு. மேட்டிலிருந்து பாய்ந்து இறங்கி, தூண்களுக்கு நடுவே போய், இரண்டு கையையும் இருட்டில் நீட்டிப் பிடித்தான்.

கயிறு இருந்தது.

உள்ளங்கை எரிந்தது. தோல் கிழிந்தது. பாரம் வந்து தோளில் இறங்கியது, மொத்தமாக, எலும்பு குழியை விட்டு நகர்ந்ததை உணர்ந்தான். கத்தினான். குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தான். கயிறு நின்றது.

அமைதி.

கீழே பார்த்தான். ஆழத்தில் தண்ணீர். தண்ணீர் முழுக்க நட்சத்திரம். கயிறு விறைப்பாக இறங்கி அந்த நட்சத்திரங்களுக்குள் போயிருந்தது. அது நுழைந்த இடத்தில் ஒரு வளையம்கூட இல்லை.

விட முடியாது. கீழே ஆள் இருக்கிறான். விட்டால் சாவான். கை விடாது.

தலையில் ஏதோ ஈரமாக இறுக்கியது. துண்டு. அதன் முனை கன்னத்தில் தொங்கியது. மேலில் சட்டை இல்லை. நெஞ்சில் காற்று பட வேண்டும், படவில்லை.

தலையை மட்டும் திருப்பிப் பார்த்தான்.

மேட்டில், கேமராவுக்குப் பின்னால், நெற்றியில் சிவப்பு விளக்கோடு ஒருவன் நின்றான். கட்டம் போட்ட சட்டை. வளவனின் சட்டை. அவன் வலது கையைப் பக்கவாட்டில் தூக்கினான். மெதுவாக. தோள் உயரத்துக்கு. தலைக்கு மேல். ஒரு சுற்றுச் சுற்றினான். இன்னொரு சுற்று. அதில் வலி இல்லை.

பிறகு குனிந்து பொத்தானை அமுக்கினான்.

நவீனின் வெளிச்சம் மேட்டில் ஏறியது. இரைக்க இரைக்க வந்தான். "ஏன்டா போன எடுக்கல? உசுரே போச்சு எனக்கு!" சட்டைக்காரன் கேமராவைக் காட்டினான். கருப்புத் திரைக்கு முன்னால் இருவரும் காத்து நின்றார்கள். திரை வெளிச்சம் நவீன் முகத்தில் விழுந்தது.

"அடப்பாவி. நெஜமாவே ஆள் நிக்கிறாருடா. இன்னா ஷார்ப்பு! கல்லு மாதிரி நிக்கிறாரு மனுசன். பரசுராமன் வாயைப் பொளக்கப்போறாரு." செல்போன் விளக்கைக் கிணற்றின் பக்கம் அடித்தான். வெளிச்சம் ஒரு தூணைத் தொட்டது. வளவனின் முகத்தின்மேல் வந்தது. நிற்காமல் அடுத்த தூணுக்குப் போனது. "எங்க போனாரு? போய்ட்டாரு போல."

நவீன்!

வாயில் பல் கடித்திருந்தது. திறக்கவில்லை.

"அண்ணே!" நவீன் இருட்டைப் பார்த்துக் கத்தினான். "ரொம்ப தேங்ஸ்ணே!"

சட்டைக்காரன் ட்ரைபாடை மண்ணிலிருந்து ஒரே இழுப்பில் பிடுங்கினான். பையை எடுத்து வலது தோளில் மாட்டிக்கொண்டான்.

"தோள் வலிக்கலயா உனுக்கு?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். இரண்டு பேரும் வரப்பில் நடந்தார்கள். வெளிச்சம் குதித்துக் குதித்துப் போய் கரும்புக்குப் பின்னால் மறைந்தது. கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இரண்டு முறை. வண்டி கிளம்பியது. வீட்டில் வளவனின் மனைவி தமிழ்செல்வி கதவைத் தாழ் போடாமல் வைத்திருப்பாள்.

பால்வெளி மலையைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. வானத்தில் இருந்தவை எல்லாம் நகர்ந்தன. தண்ணீரில் இருந்தவை நகரவில்லை. வளவனும் நகரவில்லை. துண்டின் முனைகூட.

கயிறு இரண்டு முறை இழுபட்டது. அடியிலிருந்து, பழகிய குரலில், யாரோ கேட்டார்கள்.

"மேல யாரு?"

கடித்த பல் அதற்கு மட்டும் திறந்தது. வளவன் தன் பேரைச் சொன்னான்.

பத்து நிமிசத்துக்கு ஒருத்தன் அவனுக்காக நின்றான். அதற்கு மாத்தாக வளவன் நிற்கிறான். இன்னொருத்தன் வந்து 'மாத்து' என்று சொல்லும்வரை நின்றாக வேண்டும்.